ஃபாதரின் காகிதத்துக்கு இரண்டு பக்கம்

பழைய காகிதங்களைப் பட்டியலிடும் வேலையில் ஒரே ஒரு விதிதான்: திருப்பிப் பார்க்காமல் எதையும் எழுதக் கூடாது. வீட்டில் பெரியவர் சேர்த்துவைத்த காகிதக் குப்பையோடு மல்லுக்கட்டியவர்களே, என் இடுப்பு வலி உங்களுக்குப் புரியும். எங்கள் கல்லூரியில் வரலாறு நடத்திய ஃபாதர், முதிய குருக்கள் இல்லத்துக்குப் போகும்போது பதினோரு அட்டைப்பெட்டிகளை நூலகத்துக்கு விட்டுப் போனார். அங்கேயே நூலகராக இருந்து ஓய்வு பெற்ற என்னைக் கூப்பிட்டார்கள். உடனே ஒப்புக்கொண்டேன். சேவை மனப்பான்மை என்று நினைத்துவிடாதீர்கள். மாணவனாக இருந்தபோது நான் அவருக்கு எழுதிய மன்னிப்புக் கடிதம் அந்தப் பெட்டிகளில் எங்கோ இருந்தது. வேறு யார் கண்ணிலும் படுவதற்குள் உருவிவிட வேண்டும்.

பின்பக்கப் பிரசங்கம்

வெள்ளைத் தாளில் பிரசங்கம் எழுத ஃபாதருக்கு மனசு வராது. மாணவர்களின் லீவ் லெட்டர்களைத் திருப்பிப்போட்டு எழுதுவார். முன்பக்கம் வயிற்றுவலி, பின்பக்கம் பரலோகம். எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாமல் விழித்து, அவருக்குச் சமைத்துப்போட்ட மேரியம்மாவிடம் கேட்டேன்.

"ரெண்டுலயும் எழுதிக்கங்க சார். பிரசங்கம் ஜாஸ்தியா போச்சுன்னா எங்களுக்கும் அதே வயித்துவலிதான் வரும்."

சிவப்பு வட்டம்

அவர் டைரிகளில் மாதம் ஒரு தேதிக்குச் சிவப்பு வட்டம். உபவாச நாள் என்று பயபக்தியோடு எழுதிவைத்தேன். கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கும் ரவி, ஃபாதரின் பழைய மாணவர், பெட்டிகளைப் பார்க்க வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். அத்தனையும் பௌர்ணமி.

"உபவாசமா? கிரிவலத்துக்குக் கடை போட்டுட்டு நாங்க யாரும் க்ளாஸுக்கே போவ மாட்டோம் சார். நாங்க தூங்கி எழுந்தப்புறம்தான் டெஸ்ட் வெப்பாரு. தூக்கக் கலக்கத்துல காப்பி அடிச்சாக்கூட தப்பா அடிப்பீங்கடான்னுவாரு."

ஒன்பதாம் பெட்டி

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கடிதமும் காப்பி அடித்ததற்காகத்தான். தேர்வில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதி இருவரும் மாட்டினோம். மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார். அதையும் அவனைப் பார்த்தே எழுதினேன், கடைசியில் அவன் பெயர் உட்பட.

ஒன்பதாம் பெட்டியில் அகப்பட்டது. அவன் பெயரை அடித்து, ஏழுமலை என்று என் பெயர். பக்கத்தில் சிவப்பு மையில், 'இதுவுமா?' அறையில் யாரும் இல்லை. கிழிக்கப் போனவன், பழக்கதோஷத்தில் திருப்பினேன். பின்பக்கம் முழுக்க மன்னிப்பைப் பற்றிய பிரசங்கம். புத்தகத்தில் பக்கம் கிழித்தவர்களைக் காலமெல்லாம் விரட்டியவன் நான். கை வரவில்லை. வெட்கத்தை விட்டு ஃபாதருக்கே போன் போட்டு, கடிதம் கிடைத்ததைச் சொன்னேன்.

"கெடச்சுடுச்சா? ஏழுமலையத்தான் கூப்பிடணும்னு சொல்லிட்டு வந்ததே நான்தாம்பா. வேற யாராச்சும் படிச்சா உனக்குக் கூச்சமா இருக்குமே. வேணும்னா கிழிச்சுடு, பிரசங்கம் போனா போவுது."

பட்டியலில் அந்த வரி இப்போது இப்படி இருக்கிறது: பின்பக்கம்: மன்னிப்பைப் பற்றிய பிரசங்கம்; முன்பக்கம்: மன்னிப்புக் கடிதம், எழுதியவன் இந்தப் பட்டியலை எழுதியவனே.