சயாம் சாப்பாடு வாங்கிய மாதம்

நான் அந்த ஆபீசில் தட்டச்சு செய்யத்தான் சேர்ந்தேன். ஆனால் அங்கே என்னை இன்னும் யாராவது நினைவில் வைத்திருந்தால், சாப்பாட்டுக்காகத்தான் வைத்திருப்பார்கள். எண்பதுகளின் தொடக்கம். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்த, கப்பல் சரக்குகளுக்குக் காப்புறுதி செய்யும் சின்ன ஆபீஸ் அது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று பதினான்கு பேர் ஒரே கூரையின் கீழ் சிரித்துப் பேசி வேலை செய்வோம். மத்தியானம் மணி பன்னிரண்டரை ஆனால் போதும், மூன்று திசையில் பிரிந்து மூன்று வகைக் கடைகளுக்குப் போய்விடுவோம்.

எங்கள் மேனேஜர் ஒரு சீனர், நல்ல மனுஷர். மூன்று மாதப் பயிற்சிக்கு வெளிநாடு போய்விட்டு ஒரு யோசனையோடு திரும்பி வந்தார். அங்கே மாதம் ஒரு நாள் எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களாம், ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு நாட்டுச் சாப்பாடாம். நாமும் செய்வோம் லா என்றார், எங்கள் ஊர் இழுப்போடு. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். மூன்று மொழியிலும் போனில் சண்டை போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நாள் குறிப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போனது. முதலில் வெள்ளிக்கிழமை என்றேன். மலாய் ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போக வேண்டும் என்றார்கள், தமிழர்கள் சைவம் என்று கையை மடக்கிக்கொண்டார்கள். செவ்வாயும் எங்களில் சிலருக்கு ஆகாது. சீனர்களில் இரண்டு பேருக்கு அவர்கள் மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். மூன்று காலண்டரை மேஜையில் பரப்பி வைத்து, கடைசியில் ஒரு புதன்கிழமையைப் பிடித்தேன். கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்கள்.

முதல் மாதம் இத்தாலி. பெரிய ஹோட்டல் ஒன்றிலிருந்து ஸ்பகெட்டி வந்தது. இரண்டு வாய் சாப்பிட்டதும் எல்லாரும் மிளகாய்ச் சம்பல் எங்கே என்று கேட்டார்கள். அடுத்து ஜப்பான், அது மேனேஜரின் பிடிவாதம். என் பக்கத்து மேஜையில் ஒரு மூத்த மலாய்ப் பெண்மணி இருந்தார். மலாயில் அக்காவைக் காக் என்பார்கள், நாங்கள் எல்லாரும் அவரைக் காக் என்றுதான் கூப்பிடுவோம். அவர் அந்தப் பச்சை மீனைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு பேன்ட்ரி அடுப்புக்குப் போய், மஞ்சளும் உப்பும் தடவிப் பொரித்துக் கொண்டுவந்தார். மேனேஜர்தான் அதில் அதிகம் சாப்பிட்டார்.

ஆர்டர் செய்யும்போது என்னிடம் ஒரு பாட்டு உண்டு. பன்றி இல்லையே, மாடு இல்லையே, பன்றிக் கொழுப்பில் வதக்கவில்லையே, சாராயம் ஊற்றவில்லையே என்று மூன்று தடவை கேட்பேன். கடைக்காரர்கள் என் குரலைக் கேட்டாலே பெருமூச்சு விடுவார்கள். விடட்டுமே. நான் வாங்கிய சாப்பாட்டில் இது எனக்கு ஆகாது என்று ஒருவரும் ஒதுங்கி உட்கார்ந்ததில்லை. அதில் எனக்குப் பெருமை அதிகம், கொஞ்சம் கர்வம் என்றே சொல்லலாம்.

அந்தக் கர்வம்தான் தை மாதத்தில் என்னைக் கவிழ்த்தது.

நஷ்டஈட்டுப் பிரிவில் ஒரு குமாஸ்தா இருந்தான், எங்கள் ஊரில் கிராணி என்போம். என்னைவிட நான்கைந்து வயது இளையவன், சுங்கை வேயிலிருந்து பஸ் பிடித்து வருவான். என்னை அக்கா என்பான், நான் தம்பி என்பேன். அவன் மனைவிக்கு இரண்டு முறை குழந்தை தங்காமல் ஐந்தாம் மாதத்திலேயே போய்விட்டது. இப்போது மூன்றாவது முறை, நான்காம் மாதம். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்று பத்துமலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு, நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தான். வீட்டுச் சைவச் சாப்பாடு மட்டும்தான். மத்தியானம் பின்பக்கப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து, டிபன் பெட்டியில் கொண்டுவந்த பருப்புச் சோற்றைச் சாப்பிடுவான்.

அந்த மாதம் தாய்லாந்தின் முறை, நாங்கள் சயாம் என்போம். கம்போங் பாருவில் சயாம் எல்லையோரத்துக் கிளந்தான்காரப் பெண் ஒருத்தி அந்தச் சமையலில் பேர் வாங்கியிருந்தாள். அவளிடம் என் வழக்கமான பாட்டைப் பாடிவிட்டு, ஒருவருக்கு மட்டும் சைவம் என்றேன். மீன் வேண்டாம், இறால் வேண்டாம், கோழி வேண்டாம், முட்டை வேண்டாம், புதுச் சட்டியில் தனியாகச் செய்ய வேண்டும் என்றேன். அவள் ஒவ்வொன்றுக்கும் "தாடா, காக், தாடா" என்றாள். இல்லை அக்கா, இல்லை என்று அர்த்தம்.

புதன்கிழமை காளானும் தாவு என்கிற சோயாக் கட்டியும் போட்டுச் செக்கச்செவேலென்று ஒரு புளிப்புக் குழம்பு தனித் தூக்கில் வந்தது. நான் படிக்கட்டுக்குப் போனேன்.

"தம்பி, ஒனக்குன்னு தனிச் சட்டியில செய்யச் சொல்லி வாங்கியிருக்கேன். வா."

"வேணாம்க்கா. வெளிச் சாப்பாடு இப்ப வேணாம்."

"நான் சொல்லி வாங்குன சாப்பாட்டுல எப்பவாச்சும் தப்பு வந்திருக்கா? நீ இங்க ஒக்காந்திருந்தா எனக்கு அங்க சோறு எறங்காது லா."

அவன் என் முகத்தைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல்தான் எழுந்து வந்தான், அது எனக்கு அப்போதே தெரிந்தது. உட்கார்ந்தான், சாப்பிட்டான். வேர்க்க வேர்க்கச் சாப்பிட்டுவிட்டு, "முருகா, என்னா ருசிக்கா" என்று சொல்லி இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னான். நான்தான் ஊற்றினேன்.

மறுநாள் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அந்தக் காளான் குழம்பை வீட்டில் செய்து பார்க்கலாம் என்று பக்குவம் கேட்டேன். கிளந்தான்காரிக்கு மகிழ்ச்சி. எலுமிச்சம்புல், கஃபிர் எலுமிச்சை இலை, மிளகாய் என்று அடுக்கிக்கொண்டே வந்தவள், கடைசியில் ஒரு புட்டியை எடுத்துக் காட்டினாள். மீனைப் புளிக்க வைத்து வடித்த சாறு. இதில் இரண்டு கரண்டி விடாவிட்டால் உப்பும் ஏறாது, ருசியும் வராது என்றாள். மீன் போடவேண்டாம் என்றேனே என்றேன். மீன் எங்கே போட்டேன் என்றாள் அவள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் கண்ணுக்கு அது மீன் இல்லை, உப்பு மாதிரி ஒரு சாமான். சாராயத்தைப் பற்றி மூன்று தடவை கேட்ட என் வாய்க்கு இதைப் பற்றி ஒரு தடவை கேட்கத் தோன்றவில்லை.

ஐந்து நாள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அவன் விரதம் போகும், சொல்லாவிட்டால் என் நிம்மதி போகும் என்று கிடந்தேன். நடுவில் ஒரு பயம் வேறு. ஐந்தாம் மாதம் நெருங்குகிறதே, இந்த முறையும் ஏதாவது ஆகிவிட்டால்? தட்டச்சில் ஒரே கடிதத்தை நான்கு முறை திருத்தினேன்.

காக் கண்டுபிடித்துவிட்டார். பேன்ட்ரியில் கதவைச் சாத்திக்கொண்டு, என்ன நடந்தது என்று மலாயில் கேட்டார். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சொன்னார்: "எங்க நோன்புல ஒருத்தர் மறதியா சாப்பிட்டுட்டா நோன்பு முறியாது. ஆண்டவனே ஊட்டினான்னு எடுத்துக்குவோம். உங்க சாமி எப்படின்னு எனக்குத் தெரியாது. ஆனா அவரைக் கேக்காமலே அவர் கோவிச்சுக்குவாருன்னு நீ ஏன் முடிவு பண்ற? போய்ச் சொல்லிடு. அது அவனோட நோன்பு, உன்னோடது இல்ல."

அன்று மத்தியானம் படிக்கட்டில் அவனுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன்.

"தம்பி, அன்னிக்கு அந்தக் கொழம்புல மீன் சாறு இருந்திருக்கு. எனக்குத் தெரியாது. ஒன்னை வம்பு பண்ணி சாப்பிட வெச்சதும் நான்தான்."

அவன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். டிபன் பெட்டியை மூடினான். அழுதுகொண்டே காக் சொன்னதையும் சொன்னேன்.

"அது மறந்து சாப்பிட்டவங்களுக்கு தானேக்கா" என்றான் மெதுவாக. "நான் கேட்டு வாங்கி சாப்பிட்டேனே. ரெண்டாவது கரண்டி வேற."

எழுந்து போகும்போது திரும்பி நின்றான்.

"வீட்டுல இத சொல்லப் போறதில்லக்கா. அவளுக்குத் தெரிஞ்சா நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா இதான் காரணம்னு நெனைச்சே ஒடைஞ்சு போயிடுவா. நமக்குள்ள இருக்கட்டும்."

மறுநாளிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடுதான். காலையில் வெறும் தண்ணீர், மத்தியானம் அதே படிக்கட்டில் ஒரு பழம். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. என்னிடம் ஒரு கடுஞ்சொல் கிடையாது, முன்பு போலவே அக்கா என்றான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இனிமேல் சாப்பாட்டு வேலை என்னால் முடியாது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். தொண்டை வலி என்றேன்.

தைப்பூசத்தன்று யாருக்கும் சொல்லாமல் பத்துமலைக்குப் போனேன். கூட்டத்தில் அவனைத் தேடிப் பிடித்துப் பத்தடி பின்னால் நடந்தேன். மஞ்சள் வேட்டி, தலையில் பால்குடம், எலும்பும் தோலுமாக முதுகு. ஒவ்வொரு படியிலும் நான் வேண்டியது ஒன்றுதான். தப்பு என்னுடையது முருகா, பழியை என் தலையில் போடு, அவர்கள் பிள்ளையை விட்டுவிடு. குகைக்குள் அவன் பாலை ஊற்றக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடி நெடுநேரம் நின்றான். அவன் திரும்புவதற்குள் நான் இறங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. திங்கட்கிழமை காலையில் என் மேஜையைத் தாண்டிப் போகும்போது, "நல்லா இருக்குக்கா" என்பான். எது நல்லா இருக்கு என்று சொல்ல மாட்டான், நானும் கேட்க மாட்டேன். புது பேனாவைச் சொல்கிறான் என்று ஒருவரும், என் புடவையைச் சொல்கிறான் என்று இன்னொருவரும் நினைத்துக்கொண்டார்கள். ஐந்தாம் மாதம் கடந்தது. அந்தத் திங்கட்கிழமை அவன் அப்படிச் சொன்னபோது நான் கழிப்பறைக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஆறு, ஏழு என்று மாதங்கள் போயின. பயம் மட்டும் போகவில்லை. நாள் நெருங்க நெருங்க அது கூடத்தான் செய்தது.

நோன்பு மாதம் வந்தது. மலாய் நண்பர்கள் எல்லாரும் நோன்பில் இருந்ததால் அந்த மாதம் கூட்டுச் சாப்பாடு கிடையாது. மற்றவர்கள் பேன்ட்ரிக் கதவைச் சாத்திக்கொண்டு தேநீர் குடிப்போம். ஒரு திங்கட்கிழமை அவன் வேலைக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதனும் தகவல் இல்லை. சுங்கை வேயில் அவன் வீட்டில் போன் கிடையாது. மணி அடிக்கும் ஒவ்வொரு போனையும் நான்தான் பாய்ந்து எடுத்தேன். காக் என்னைப் பார்த்தார். பிறகு என் தட்டச்சு வேலையில் பாதியை எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை கதவு திறந்தது. கசங்கிய சட்டை, மூன்று நாள் தாடி, சிவந்த கண். எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார். அவன் யாரையும் பார்க்காமல் நேரே என் மேஜைக்கு வந்தான். அவன் முகத்தை வைத்து எனக்கு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"பொறந்துருச்சுக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

ஆணா பெண்ணா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் காக் இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஆண்டவனுக்கு நன்றி சொன்னார். கடைசியில் எப்படியோ, "ஒங்கம்மாவுக்குச் சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டேன்.

"இன்னும் இல்லக்கா. ஆஸ்பத்திரியிலேருந்து மொத பஸ்ஸ புடிச்சு நேரா இங்கதான் வரேன். அம்மாவுக்கு ஒரு மணி நேரம் கழிச்சு சொன்னாலும் சந்தோஷம்தான். நீங்க இன்னும் ஒரு மணி நேரம் பயந்துகிட்டு இருக்க வேணாம்னுதான் ஓடி வந்தேன்."