பதினான்காம் பாத்தியின் கண்டக்டர்

எங்கள் குடியிருப்பின் பின்புறம் வீட்டுவசதி அலுவலகம் இருபது காய்கறிப் பாத்திகள் போட்டுத் தந்தது. குடும்பங்களோ நூற்று அறுபது. கணக்குப் போட்ட புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். இரண்டாம் மாடித் தையல்காரியான நான், காத்திருப்போர் பட்டியலில் மூன்று வருடம் நின்று ஒருவழியாக முதலிடத்துக்கு வந்திருந்தேன்.

பதினான்காம் பாத்தி ஐந்தாம் மாடிக் கண்டக்டருடையது. ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் விசிலை விடவில்லை மனுஷன். காலையில் ஒரு விசில் அடித்துவிட்டுச் செடிகளைத் தலை எண்ணுவார். கத்தரி ஆறு, வெண்டை எட்டு, மிளகாய் ஐந்து. யாராவது வரப்பில் கால் வைத்தால் போச்சு, "படியில நிக்காதீங்க, இறங்குங்க!" என்று கத்துவார்.

ஒரு நாள் லிஃப்ட் வழக்கம்போல ஓய்வெடுக்க, மாடிப்படியில் தவறி விழுந்து காலை முறித்துக்கொண்டார். மருத்துவமனையில் மூன்று வாரம். வெளியூரிலிருக்கும் மகனுக்கு அப்பா மேல் கொள்ளைப் பாசம். எல்லாவற்றையும் போனிலேயே காட்டிவிடுவான்.

பாத்தி வாடிக் கிடந்தால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும் என்பது விதி. அடுத்தவர் நான். மாதக் கடைசியில் மேற்பார்வையாளர் வருவார். அதுவரை நான் ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும். அதைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை எனக்கு. மூன்றாம் நாளே கத்தரி இலைகள் தொங்கிவிட்டன, பார்க்கச் சகிக்கவில்லை. என்னை நானே திட்டிக்கொண்டு தினமும் இரண்டு வாளி தண்ணீர் சுமந்தேன். களையும் பிடுங்கினேன்.

மேற்பார்வையாளர் வந்தார். "அட, பச்சைப்பசேல்னு இருக்கே! யாரோடது?"

"கண்டக்டரோடது" என்றேன். வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

அடுத்த வாரம் கண்டக்டர் ஊன்றுகோலோடு வந்தார். நன்றி சொல்வார் என்று பக்கத்திலேயே நின்றேன். அவர் எண்ண ஆரம்பித்தார்.

"ஏம்மா, மிளகாய் நாலுதான் இருக்கு?"

"களைன்னு நெனச்சு ஒண்ணப் பிடுங்கிட்டேண்ணே."

"மூணு வருஷம் லிஸ்ட்ல நின்ன லட்சணம் இதானா?"

எனக்கு வந்ததே கோபம்! வாளியைத் தொப்பென்று போட்டேன். "நான் சும்மா இருந்திருந்தா இந்தப் பாத்தி இந்நேரம் எனக்கு வந்திருக்கும், தெரியுமா?"

"தெரியும்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "ஆஸ்பத்திரியில அதையேதான் நெனச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்."

பிறகு ஊன்றுகோலால் பாத்தியின் நடுவே ஒரு கோடு கிழித்தார்.

"நான் தள்ளி உக்காந்துக்கறேன். ஆனா ஜன்னலோரம் எனக்குத்தான்."

ஜன்னலோரம் என்றால் வெயில் விழும் பக்கம். அதை விட்டுக்கொடுப்பாரா மனுஷன்!