மீன் எண்ணெய் பூசிய அம்பாசடர்

அந்த அம்பாசடரை வாங்குவதா வேண்டாமா என்று ஏழு மாதம் யோசித்தேன். யாராவது கேட்டால் “சேஸ் பார்க்கணும், இன்ஜின் பார்க்கணும்” என்று பெரிய மெக்கானிக் மாதிரிப் பேசுவேன். உண்மையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை டைப்பிஸ்டாக இருந்தவள் நான். யார் யாருடைய சரக்கோ எந்த எந்த ஊருக்கோ போவதற்குத் தாள் அடித்துக் கொடுத்தே காலம் போய்விட்டது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பதைச் சொந்தக்காரர்கள் இப்போதுதான் விட்டிருக்கிறார்கள். அண்ணன் உடன்குடியில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கிறான். மாதம் ஒரு போன், வருடம் ஒரு சிப்பம் கருப்பட்டி. ஐம்பது வயதில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் எடுத்தேன். அதன்பின் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. தொடுவதற்குக் கார் வேண்டுமே.

கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, ஒரு இரும்புக் கேட்டில் ‘கார் விற்பனைக்கு’ என்று அட்டை தொங்கியது. தைப்பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு. மணி நான்கு இருக்கும். கதவைத் திறந்தவர் எழுபது வயதுக்காரர், டாக்டர் வீட்டம்மா. டாக்டர் இறந்து நாலு வருஷம். மகன் தோஹாவில். காரை விற்றுத் தொலையுங்கள் என்று அவன்தான் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

ஷெட்டில் நின்ற காரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். கதவோரமெல்லாம் துரு பொரிந்திருந்தது. முன் சீட்டுக்குக் கீழே ஓட்டை. உள்ளே உட்கார்ந்தபடியே ஷெட்டின் சிமெண்டுத் தரையைப் பார்க்கலாம். கூடவே மட்கிய மீன் வாடை.

“அது அவரு வேலை” என்றார் அந்த அம்மா. டாக்டரிடம் வைத்தியத்துக்கு வந்த திரேஸ்புரத்து மீனவர்கள், வள்ளத்துக்குப் பூசுகிற மீன் எண்ணெயைக் காருக்கு அடியில் பூசினால் உப்புக்காற்று தின்னாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மனிதர் ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் வண்டிக்கு அடியில் படுத்துத் தானே பூசுவாராம். “ஒரு வாரத்துக்கு நான் கார்ல ஏறமாட்டேன். அவரு மட்டும் கோயிலுக்குக்கூட அதுலதான் போவாரு.” டாக்டர் போன பிறகு பூச ஆளில்லை.

அடுத்த ஞாயிறு, உப்பு லாரிகளுக்கு டிங்கர் வேலை செய்கிற அண்ணாச்சி ஒருவரைக் கூட்டிப் போனேன். அவர் ஒரு காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி, கார் முழுக்க ஒத்தி ஒத்திப் பார்த்தார். பல இடங்களில் அது ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. “இங்கன தகரமே இல்ல, பூராம் ஓட்டைய அடைச்ச புட்டிதான்” என்றார். பிறகு கீழே படுத்து ஸ்குரூடிரைவரால் வண்டியைத் தாங்குகிற சேஸைக் குத்தினார். டங் டங்கென்று கேட்டது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, “மேல பூரா மாத்திக்கிடலாம். அடிக்கட்டு நல்லா இருக்கு. இப்பமே எடுத்து வேலையப் பாத்தா வண்டி பிழைச்சுக்கிடும். தள்ளிப் போடாதிய” என்றார்.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். அண்ணனிடம் போனில் சொன்னதும், “ஏளா, ஒத்த ஆளுக்கு எதுக்கு அஞ்சு சீட்டு?” என்று கேட்டான். கேலியாகத்தான் கேட்டான். எனக்குச் சுருக்கென்றது.

சம்மதம் சொல்லத்தான் மூன்றாவது ஞாயிறு போனேன். அந்த அம்மா டீ கொண்டுவந்தார். ஷெட்டில் நாற்காலி போட இடமில்லாததால் இருவரும் காருக்குள்ளேயே உட்கார்ந்தோம். அவர் பழக்கம் போல இடது பக்கம் ஏறிக்கொண்டு, ஸ்டீயரிங் பக்கத்தைக் காட்டி, “நீங்க அங்கன உக்காருங்க” என்றார். மகனைப் பற்றி, மின்வெட்டைப் பற்றி, விலை ஏறிப்போன சீலாமீனைப் பற்றிப் பேசினோம். ஆறு மணியாகிவிட்டது. ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் நான் யாரிடமாவது பேசி எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

காரை வாங்கிவிட்டால் அடுத்த ஞாயிறு இங்கே எனக்கு என்ன வேலை? வேண்டாமென்று சொன்னாலும் அதே கதிதான். “இன்னும் ஒரு வாரம் யோசிச்சுச் சொல்லுதேன் அக்கா” என்று சொல்லிவிட்டேன்.

“அதுக்கென்ன, மெதுவாச் சொல்லுங்க. ஆர்.சி. புக்கையும் தேடணும், எங்கயோ வச்சிட்டேன்” என்றார்.

அப்படியே மாசி போயிற்று, பங்குனி போயிற்று. ஒரு நாள் டம்ளரை நீட்டும்போது, “ஏளா, சூடு, பாத்துப் பிடி” என்றார். அம்மா போன பிறகு அண்ணனைத் தவிர யாரும் என்னை ஏளா என்று கூப்பிட்டதில்லை. டீயைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

சும்மா வந்து டீ குடித்துவிட்டுப் போவது மனசுக்கு உறுத்தியது. கார் வேறு கண்ணெதிரே கெட்டுக்கொண்டிருந்தது. முடிவு சொல்லும்வரை அது தாங்கட்டும் என்று திரேஸ்புரத்தில் ஒரு டப்பா மீன் எண்ணெய் வாங்கினேன். பழைய சேலையைக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் படுத்தேன். அக்கா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அடியைக் கழுவிவிட்டு எண்ணெய் பூசினேன். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவல், பூசல். எனக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

ஆடி பிறந்ததும் தோஹா மகனிடமிருந்து கண்டிப்பான போன் வந்தது: மாசக் கடைசிக்குள் காரைத் தள்ளிவிட வேண்டும். இனி தப்ப வழியில்லை. வாங்கிவிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, அண்ணாச்சியை மறுபடி கூட்டிவந்தேன்.

அவர் கீழே படுத்துக் குத்தினார். டங்கென்ற சத்தம் வரவில்லை. ஸ்குரூடிரைவர் பிடிவரைக்கும் உள்ளே போயிற்று. நாலு இடத்தில் குத்தினார், நாலிலும் அப்படித்தான். வெளியே வந்து, ஓரத்தில் இருந்த வாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“போர் தண்ணியாம்மா?”

ஆமாம். நல்ல தண்ணீர் குழாயில் என்றைக்கோ ஒரு நாள் வரும். அது குடிக்க, சமைக்க. மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். சோப்புப் போட்டால் நுரைக்காத உப்புத் தண்ணீர். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். கை பழகிப்போனதால் புத்தி வேலை செய்யவில்லை. டாக்டர் எதைக் கொண்டு கழுவினார் என்று நான் கேட்கவுமில்லை.

“உப்ப உள்ள வச்சு, மேல எண்ணெயப் பூசி மூடியிருக்கிய. சும்மா விட்டிருந்தாக்கூடக் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். இனி எடைக்குத்தான் போடணும்” என்றார் அண்ணாச்சி.

அக்கா ஷெட் வாசலில் டீயோடு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. “வந்த மாசமே வாங்கியிருக்கணும் அக்கா. அவரு அவ்வளவு பாத்துப் பாத்து வச்சிருந்ததை நான் கெடுத்துட்டேன்.”

“தண்ணி எடுத்துத் தந்தது நான்லா” என்றார்.

இரும்புக்காரர்கள் வியாழக்கிழமை லாரியோடு வந்தார்கள். நானும் போயிருந்தேன். ஆர்.சி. புக் இருக்கிறதா என்று அவர்கள் கேட்டதும், அக்கா உள்ளே போய் ஒரே நிமிஷத்தில் எடுத்துவந்து கொடுத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு நான்கு மணிக்குப் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கட்டிய பிறகுதான் போக இடமில்லை என்பது உறைத்தது. சும்மா பார்க்க வந்தேன் என்று போய் நிற்க வேண்டியதுதானே என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அது என்னால் முடியவில்லை. ஐந்து மணிக்குப் போன் அடித்தது.

“ஏளா, உன் எண்ணெய் டப்பா இங்கனதான் கெடக்கு. வீடே நாறுது. வந்து எடுத்துட்டுப் போ.”

ஆட்டோ பிடித்து ஓடினேன். காலி ஷெட்டில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன, நடுவில் அந்த டப்பா. டீ வந்தது. பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பும்போது டப்பாவை மறந்துவிட்டேன். அடுத்த ஞாயிறும் மறந்தேன். அவரும் அதை வாசலில் எடுத்து வைத்ததில்லை. அதன் மேல்தான் டம்ளர் வைக்கிறோம். ஆறு மணியானதும், “டப்பாவ அடுத்த வாரம் எடுத்துக்கிடுதேன் அக்கா” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கிறேன்.