மாங்கன்றுக்குக் கிண்டிய களி

எங்கள் ஊருக்குக் கரண்டு வந்த மறுவருஷத்து வாசனை அது. நேற்று என் கடைசி மகள் புளியங்கொட்டை மாவையும் கொள்ளு மாவையும் அடுப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தாள். தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஜெல்லாம், காலேஜில் செய்யச் சொன்னார்களாம்.

அந்த மறுவருஷம் மழையே இல்லை. காரிமங்கலம் சந்தையில் அப்பா வாங்கி நட்ட மூன்று மாங்கன்றுகளும் வாடிக்கொண்டிருந்தன. அம்மா புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, இடித்து, கொள்ளு மாவோடு சேர்த்துக் கிண்டினாள். வேரோரம் புதைத்துத் தண்ணீர் விட்டால் ஈரம் பல நாள் நிற்கும் என்பாள். மூன்று உருண்டை பிடித்து மூடி வைத்துவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு குழி தோண்டப் போனாள்.

திரும்பி வந்தால் இரண்டு உருண்டைதான் இருந்தது. அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார்.

“களி இன்னிக்குத்தான் வழவழன்னு எறங்குது. உப்புப் போடத்தான் மறந்துட்ட.”

“அய்யோ, அது மாங்கன்னுக்குங்க!”

“மாங்கன்னு களி திங்குமா?”

“திங்கும். நீங்க தின்னது அதோட பங்கு. இனிமே அதுக்குத் தண்ணி உங்க பாடு.”

வீட்டில் வேறு கொட்டை இல்லை. மேற்கோரத்துக் கன்றுக்கு மட்டும் உருண்டை இல்லாமல் போயிற்று. மழை வரும்வரை தினமும் ஏரிப் பள்ளத்திலிருந்து அப்பா அதற்குக் குடம் சுமந்தார். ஒருநாளும் முணுமுணுக்கவில்லை.

மூன்றும் பிழைத்தன. நிலத்தை அப்புறம் விற்றுவிட்டோம். வாங்கியவர்கள் மேற்கோரத்து மரத்தை வெட்டப்போவதாகக் கேள்வி. அந்தப் பக்கம் போனால் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அது எங்கள் அப்பா தோளில் வளர்ந்த மரமென்று.