சொம்புக்கு வராத டிப்ஸ்

பில் வந்த பிறகு மனிதர்களின் கைகள் என்ன செய்கின்றன என்று பார்ப்பது என் பழக்கம். பல வருடம் செய்தித்தாள் டெஸ்க்கில் இருந்தவன். முகத்தைவிடக் கையை நம்புவேன்.

மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக நான் மதியம் சாப்பிடும் மீன் சாப்பாட்டுக் கடை, இதற்குத் தோதான இடம். பாண்டிச்சேரிக்குப் போகும் கார்கள் சோம்புத் தட்டில் நோட்டு வைக்கும். அதே கார்கள் திரும்பி வரும்போது சில்லறை தேடும். போனில் ஸ்கேன் செய்து கட்டுகிறவர்கள் பெரும்பாலும் சப்ளையரின் முகத்தைப் பார்க்காமல் எழுந்துவிடுவார்கள். சிலர் மட்டும் வாசல்வரை போய், பாக்கெட்டைத் தடவிக்கொண்டு திரும்பி வருவார்கள். உப்பளத்து ஆட்கள் டிப்ஸ் வைப்பதில்லை. தங்கள் இலையைத் தாங்களே எடுத்துப் போட்டு, மேஜையில் சிந்தியதையும் துடைத்துவிட்டுப் போவார்கள்.

"அதுவும் டிப்ஸ்தான் சார்" என்பார் சப்ளையர். "என் இடுப்புக்கு வெக்கிற டிப்ஸ்."

நோட்டோ சில்லறையோ, எல்லாம் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் எவர்சில்வர் சொம்புக்குள் போகும். மதியக் கூட்டம் ஓய்ந்ததும் சொம்பைக் கவிழ்த்துப் பங்கு போடுவார்கள். இந்தப் பங்கு முறை கடலிலிருந்து வந்தது. சமையல் மாஸ்டர் இளவயதில் படகுக்குப் போனவர். பாத்திரம் கழுவும் அக்கா பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர். படகில் ஆளுக்கொரு பங்கு, படகுக்கும் வலைக்கும் தனிப் பங்கு. கடையில் படகும் வலையும் இல்லாததால் ஆளுக்கொரு பங்கு மட்டும். சாப்பிட வந்தவர் கண்ணில் ஒருநாளும் படாத அக்காவுக்கும், நோட்டை நேரில் வாங்கிய சப்ளையருக்கும் ஒரே அளவு.

ஐப்பசி மழையில் உப்பளங்கள் மூழ்கி வேலை நின்றதும், அங்கே கூலிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் தன் ஸ்கூட்டியோடு இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தார். போனில் வரும் ஆர்டர்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. கடையின் முதலாளியம்மா அதற்காகவே 'டெலிவரி உண்டு' என்று ஒரு போர்டு மாட்டினார். இரண்டே வாரத்தில் கடற்கரை பங்களாக்களிலிருந்தும் ஆபீஸ்களிலிருந்தும் போன் அடிக்கத் தொடங்கியது. அந்தப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து அடுத்த பார்சலை வாங்கிப் போவதைப் பார்க்க எனக்கே ஒரு வேகம் பிடிக்கும்.

சிக்கல் ஒரு பாராட்டில் தொடங்கியது. பங்களா ஒன்றிலிருந்து போன் செய்தவர், "உங்க டெலிவரிம்மா மழையில நனைஞ்சுக்கினு வந்தாங்க, கையில தனியா கொடுத்துட்டோம்" என்று சொல்லியிருக்கிறார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. மாஸ்டர் கேட்டுவிட்டார்.

அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை. வாசலில் வாங்கியதும் சொம்புக்கு வர வேண்டும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. ஆனால் மாஸ்டர் மூன்று நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பார்சல் தாமதமாகக் கட்டப்பட்டது, குழம்பு ஆறிப் போய்ச் சேர்ந்தது, புகார்கள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை மதியம் முதலாளியம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"கட சாத்தறதுக்குள்ள நீங்களே பேசி முடிச்சுக்கங்க. இல்லனா போர்ட கழட்டிடறேன். எனக்கு வேணாம் இந்தத் தலைவலி."

போர்டு கழன்றால் அந்தப் பெண்ணுக்கு வேலை இல்லை. உப்பளத்தில் தை பிறந்தால்தான் மறுபடி பாத்தி கட்டுவார்கள். நான் சாப்பிட்டு முடித்திருந்தேன். ஆனால் எழுந்திருக்க மனம் வரவில்லை. ஓட்டு எண்ணும் நாளில் டெஸ்க்கில் இருப்பதுபோல இருந்தது. மோர் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாஸ்டர் கரண்டியோடு வெளியே வந்தார். "மழையில நீ நனைஞ்ச, சரி. அடுப்புல நான் வேகல?"

"யாரு இல்லன்னா? ஆனா படகுக்குத் தனிப் பங்கு உண்டுன்னு நீங்கதான சொல்வீங்க மாஸ்டர். என் வண்டிக்கு எங்க பங்கு?"

"உன் ஸ்கூட்டி என்னா கடலுக்கா போவுது?"

"நேத்து ரோட்ட பாத்தீங்களா? கடலு தேவல."

சப்ளையர் சிரித்துவிட்டு, மாஸ்டரைப் பார்த்ததும் தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

பின்கட்டிலிருந்து பாத்திரம் கழுவும் அக்கா ஈரக் கையோடு வந்தார். "ஏம்மா, பார்சலுக்கு எல கெடையாது. ஆனா அண்டா உண்டு இல்ல? அத கழுவறது யாரு? ஜனங்கல்லாம் வூட்டுலயே வாங்கித் துன்னுட்டா சொம்புல என்னா வுழும்? என் பங்கு எங்க போவும்?"

இது நியாயமான கேள்வி. அப்போது போன் அடித்தது. குப்பத்திலிருந்து மட்டன் பிரியாணி ஆர்டர். தினம் மீன் தின்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கறி வேண்டும்.

"குடுத்துட்டு வர்றேன். போர்ட அதுக்குள்ள கழட்டிடாதீங்க" என்று பார்சலை வாங்கிக்கொண்டு போனார். பஞ்சாயத்து அப்படியே நின்றது. வெளியே மழை தூறத் தொடங்கியது. யாரும் சொம்பைத் தொடவில்லை.

திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை சொட்டிக்கொண்டிருந்தது. கல்லா மேஜைமீது வைத்தார். உள்ளே சங்கரா மீன். பெரிய மீன், செவுள் இன்னும் சிவப்பாக இருந்தது.

"பிரியாணி வாங்கின வூட்டுக்காரம்மா குடுத்துச்சு. வேணாம்னேன், கேக்கல. தூறல்ல வந்தியே, கொழம்புக்கு வெச்சுக்கன்னு வண்டியில மாட்டி வுட்டுடுச்சு."

மாஸ்டர் பையைப் பார்த்தார். "இதுவும் வாசல்ல வந்ததுதான? போடு சொம்புல."

"வாலு வெளிய நிக்கும் மாஸ்டர்" என்றார் சப்ளையர்.

முதலாளியம்மாகூடச் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மீனை எடுத்து எடை பார்ப்பதுபோலக் கையில் ஏந்தினார்.

"இன்னா மாஸ்டர் பேசற நீ? கொழம்பு மீன எவனாவது பங்கு போடுவானா?"

மாஸ்டர் கரண்டியைத் தாழ்த்தினார். என்னைத் தவிர அங்கே எல்லோருக்கும் அந்த வழக்கம் தெரியும் என்று அப்போதுதான் புரிந்தது. கரைக்கு வந்த மீனைப் பங்கு போடுவதற்கு முன்பே, கடலுக்குப் போனவர் வீட்டுக் குழம்புக்கென்று கொஞ்சம் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது கணக்கில் வராது. அதில் பங்கு கேட்பது அசிங்கம்.

"சோத்துக்காகக் குடுத்தா அது பங்கு, சொம்புக்கு வரணும்" என்றார் அக்கா. "இவ வந்ததுக்காகக் குடுத்தா அது கொழம்பு மீனு. மீனா இருந்தா என்னா, நோட்டா இருந்தா என்னா?"

"எதுக்குக் குடுத்தாங்கன்னு யாரு பாத்தா?" என்றார் மாஸ்டர்.

"கடல்ல எவ்ளோ புடிச்சன்னு கரையில இருக்கறவ பாத்தாளா? வந்து சொல்றத நம்பறோம் இல்ல?"

மாஸ்டர் கரண்டியால் தோளைச் சொறிந்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "வண்டிக்குப் பங்கெல்லாம் கெடையாது" என்றார்.

"அரைப் பங்கு."

"பெட்ரோலு அம்மா போடறாங்க இல்ல?"

"டயரு?"

மாஸ்டர் முதலாளியம்மாவைப் பார்த்தார். முதலாளியம்மா சொம்பைப் பார்த்தார். "அரை" என்றார் மாஸ்டர்.

அந்தப் பெண் சுடிதார் பாக்கெட்டிலிருந்து ஒரு நோட்டை எடுத்துச் சொம்பில் போட்டார். "இது காலையில பங்களாவுல குடுத்தது. நண்டு நல்லாருந்துச்சுன்னாங்க. சோத்துக்கு." இன்னொன்றை எடுத்துக் காட்டி, திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார். "இது பங்களா கேட்டாண்ட நாய் தொரத்துனதுக்கு."

மாஸ்டர் அந்த இரண்டாவது நோட்டின் பக்கம் பார்வையைத் திருப்பவில்லை. அந்தப் பெண் அக்காவிடமிருந்து மீனை வாங்கி அவரிடம் நீட்டினார். அதை எடுத்துக்கொண்டு மாஸ்டர் அடுக்களைக்குள் போய்விட்டார். "எல்லாருக்கும் வெக்கிறேன், புளி கரைங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

போன் மறுபடி அடித்தது. ஆபீஸ் குவார்ட்டர்ஸ், சாப்பாடு நான்கு. சப்ளையர் பார்சலைக் கட்டும் வேகத்தில் ரப்பர் பேண்ட் இரண்டு அறுந்தன. அந்தப் பெண் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, படியில் இறங்கியவர் திரும்பினார்.

"மாஸ்டர், தல எனக்கு."

"போ, போ. ஆறிடப் போவுது."

தூறலில் ஸ்கூட்டி உப்பளத்துப் பக்கம் திரும்பி மறைந்தது. அடுக்களையில் மாஸ்டர் சங்கராத் தலையை மட்டும் தனியே ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்து, மேலே தட்டைப் போட்டு மூடுவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் எழுந்தேன்.