அபிஷேகம் என்று நினைத்தோம்

சபையாருக்கு என் ஸ்தோத்திரம். என் கணவர் ஸ்டீபன் எல்லார் கண்முன்னாலும் செத்துக்கொண்டிருந்தார், கூட்டமே கைதட்டி அல்லேலூயா பாடியது. நானும்கூடத்தான். அதைச் சொல்லத்தான் நிற்கிறேன்.

அவரும் நானும் நண்பர்கள் இரண்டு பேரும் கோயம்புத்தூரில் ஒரு ராக் பேண்ட் நடத்துகிறோம். பயம், தனிமை, குடியை விடமுடியாத தவிப்பு, எதையும் மறைக்காமல் இயேசுவிடம் பாடுவோம். அவர் கிடாரோடு பாடுவார், நான் கீபோர்டு. "சர்ச்சுல என்னங்க இப்படிக் கத்தறீங்க?" என்று கேட்காத ஆளில்லை. கேட்டுவிட்டுப் போகட்டும்.

அன்று சாயங்காலம் பொள்ளாச்சிப் பக்கம் திறந்தவெளிக் கூட்டம். மழை பெய்து மேடையெல்லாம் ஈரம். ஜெனரேட்டர் கரண்ட். கிடார் ஸ்பீக்கரில் ஓயாத இரைச்சல். பேண்ட்காரர்கள் செய்கிற முட்டாள்தனம் ஒன்று உண்டு: இரைச்சல் அடங்குவதற்காக, ஷாக் அடிக்காமல் காக்கிற எர்த் இணைப்பைக் கழற்றிவிடுவது. அன்று இவரும் கழற்றினார்.

"ஏனுங்க, ஈரமா இருக்குதுங்க" என்றேன்.

"ஒரு பாட்டுதான் அம்மணி, ஒண்ணும் ஆகாது."

பாட்டின் நடுவில், ஒரு கை கிடார் கம்பியில் இருக்க, மறு கையால் மைக்கைப் பிடித்தார். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. முழங்காலில் விழுந்தார். கூட்டம் எழுந்து கைகளை உயர்த்தியது. "ஆவியானவர் இறங்கிட்டாருங்க!" என்று யாரோ கூவினார்கள். டிரம்ஸ் இன்னும் வேகமெடுத்தது. நானும் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன்.

கண்ணைத் திறந்தால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாடும்போது கண்ணை மூடிக்கொள்கிற மனுஷன்! வாய் திறந்திருந்தது, சத்தமில்லை. ஐயோ, இது அபிஷேகம் இல்லை, கரண்ட்! நீளமாக ஜெபிக்க எங்கே நேரம்? "இயேசப்பா, கரண்டை நிறுத்துங்க!" என்று அலறிக்கொண்டே அவரைத் தூக்க ஓடினேன். தொட்டிருந்தால் நானும் போயிருப்பேன். அந்தப் புத்தி அப்போது இல்லை. அவரை நெருங்கும்போது கால் ஒயரில் சிக்கி முகங்குப்புற விழுந்தேன். கிடார் ஸ்பீக்கரின் பிளக் பிடுங்கிக்கொண்டது, கரண்ட் நின்றது. அவர் பிடி விட்டது.

மூச்சில்லை. ஜனங்கள் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள். "பாடாதீங்க! கரண்ட் அடிச்சுப்போட்டுது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். முன்வரிசையிலிருந்து நர்ஸ் அக்கா ஒருவர் ஓடிவந்து நெஞ்சை அழுத்தினார். "ஜெபம் பண்ணுங்க, வண்டியையும் எடுங்க!" என்று எல்லாரையும் அதட்டினார். பாதி வழியில் வேனுக்குள் அவர் இருமினார். அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கேட்டார்: "ஏன் அம்மணி, கிடார் தப்பிச்சுதா?" நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. "உடைச்சுப்போட்டேன்" என்று பொய் சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன்.

விரலில் தழும்போடு மறுபடி பாடுகிறார். எர்த் சரிபார்க்காமல் இப்போது மேடை ஏறுவதில்லை. யாராவது நடுங்கினால் கிட்டே போய் முகத்தைப் பார்க்கிறோம். போன கூட்டத்தில் ஒரு பெண் அப்படித்தான் நடுங்கினாள். சுற்றிலும் அல்லேலூயா. இவர் பாட்டை நிறுத்தி இறங்கிப் போய், "என்னாச்சு கண்ணு, சொல்லு" என்றார். உயிரை விட்டுவிடும் எண்ணத்தோடு வந்திருந்த பிள்ளை அது. இன்று இங்கே நம்மோடு உட்கார்ந்திருக்கிறது.

அன்பானவர்களே, அழகான வார்த்தை தேடிக்கொண்டிருக்காதீர்கள். வாயில் வந்தபடி கூப்பிடுங்கள். நான் அப்படித்தான் கூப்பிட்டேன். ஆண்டவர் என்னை மேடையில் குப்புறத் தள்ளி, என் புருஷனைத் திருப்பிக் கொடுத்தார்.