கடல் பக்கத்து நாற்பத்தெட்டு வீடுகள்

நானூற்று எண்பது குடும்பங்களின் மூச்சைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினேன். அது பொய். பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். அதில் ஓர் எண்கூடத் தவறில்லை. கூட்டல், வகுத்தல், வர்க்கமூலம் எல்லாம் சுத்தம். முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவன் கூட்டலிலா பொய் சொல்வான்?

திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகும் வழியில், கிழக்கே கடல், மேற்கே ஒரு சரக்கு யார்டு, நடுவில் வீட்டு வாரியம் கட்டிய அந்தப் போர்டு குடியிருப்பு. பன்னிரண்டு பிளாக். ஒவ்வொன்றிலும் நான்கு தளம், தளத்துக்குப் பத்து வீடு. கப்பலில் வந்த கரியையும் தாதுத் தூளையும் யார்டில் மலை மலையாகக் கொட்டி, லாரிகளில் அள்ளிப் போவார்கள். மேலே ஒரு தார்ப்பாய் கிடையாது. தண்ணீர் தெளிப்பது கிடையாது. குடியிருப்புக்காரர்கள் மனு மேல் மனு போட்டார்கள். கடைசியில் ஓர் அலுவலகம் இரக்கப்பட்டு ஒரு கோடு கிழித்தது. நூறு வீட்டில் நாற்பதுக்கு மேற்பட்ட வீடுகளில், வாரக்கணக்கில் நிற்காத இருமலோ இழுப்போ உள்ள ஆள் இருந்தால் யார்டு போக வேண்டும். இல்லையென்றால் மனு தள்ளுபடி.

கணக்கெடுக்க அந்த அலுவலகம் என்னை அழைத்தது. யார்டுக்காரர்களின் கார் காலையில் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. அவர்களுக்கு வேண்டிய ஒருவர், பெரிய அரசுக் குழு ஒன்றில் என் பெயரைச் சேர்ப்பதாகப் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். அந்த நாற்காலி எனக்கு வேண்டியிருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆகவே நேராகவே சொல்கிறேன்.

"எல்லா வீட்டையும் கேட்கத் தேவையில்லை, நாற்பத்தெட்டு போதும்" என்றேன். அது உண்மைதான். மைய எல்லைத் தேற்றம் என்று ஒன்று உண்டு. என் வாழ்நாள் முழுக்க எனக்குச் சோறு போட்டது அது. ஒவ்வொரு வீட்டிலும் தூசி ஒவ்வொரு விதமாக இருக்கும். ஒரு வீட்டில் விரலில் ஒட்டாது, இன்னொரு வீட்டில் வழித்து எடுக்கலாம். அதில் ஒழுங்கே இல்லை. ஆனால் நன்றாகக் குலுக்கி நாற்பது ஐம்பது வீடுகளைப் பொறுக்கிச் சராசரி எடுங்கள். திரும்பக் குலுக்கி இன்னொரு சராசரி. இப்படி எடுத்துக்கொண்டே போனால், அந்தச் சராசரிகள் உண்மையான சராசரியைச் சுற்றிக் கவிழ்த்து வைத்த கோயில் மணி வடிவில் வந்து குவியும். எடுக்கும் வீடுகளை நாலு மடங்காக்கினால் சராசரியின் ஆட்டம் பாதியாகக் குறையும். இருமல் உண்டா இல்லையா என்ற கேள்விக்கும் இதே கதைதான். உண்டு என்றால் ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம். அவற்றின் சராசரிதான் விகிதம். இரண்டு பதிலும் பத்துப் பேராவது சொல்லியிருந்தால் மணி வடிவத்தை நம்பலாம்.

எல்லாம் "குலுக்கி" என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. அதைத்தான் நான் விழுங்கினேன்.

கார் கடற்கரைச் சாலையில் நின்றது. முதல் பிளாக்கின் கடல் பக்கத்துப் படியில் ஏறினேன். எதிரே பத்தாம் எண் வீடு. "பத்தில் தொடங்கி ஒவ்வொரு பத்தாவது வீடும்" என்று குறித்துக்கொண்டேன். பத்து, இருபது, முப்பது. காற்று நன்றாக வந்தது. குடிக்க மோர் கொடுத்தார்கள். இருமல் இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றார்கள். சமையலறை ஜன்னலில் ஒரு நாள் வைத்திருக்கச் சொல்லி, எடை போட்டு வைத்திருந்த எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கொடுத்தேன். மறுநாள் தட்டை மறுபடி எடை போட்டால் விழுந்த தூசி தெரிந்துவிடும்.

மூன்றாம் பிளாக், நூறாம் எண் வாசலில் நின்றபோது எனக்குத் தெரிந்துவிட்டது. தாழ்வாரத்தின் மறு கோடியைத் திரும்பிப் பார்த்தேன். ஒன்பது கதவுகள் தாண்டி, மேற்குச் சுவர் கறுத்துக் கிடந்தது. தளத்துக்குப் பத்து வீடு, எண்களோ தொடர் எண்கள். அப்படியென்றால் ஒவ்வொரு பத்தாவது வீடும் கடல் பக்கக் கோடி வீடு. நான் எடுக்கப்போகும் நாற்பத்தெட்டில் ஒன்றுகூட யார்டைப் பார்த்திருக்காது.

அந்தக் கோடியிலிருந்து, தொண்ணூற்றொன்றாம் எண் வீட்டுப் பெண்மணி குரல் கொடுத்தார்.

"இன்னா சார், எங்க வூட்டாண்ட வராமயே போய்கினு கீற?"

"உங்க வீடு சாம்பிள்ல வரலம்மா."

அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தாழ்வாரம் முழுக்க நடந்து வந்தார். "எந்த சாம்பிளு? பத்து, இருவது, முப்பதுன்னு பஸ்ஸு நம்பர் கணக்கா சொல்லிகினு போற. அல்லாம் கடலாண்ட வூடு. நாங்க பாத்திரச் சீட்டு போடுறோம். ஒரு குண்டானுக்கு சீட்டு எடுக்கவே டப்பாவ நாலு வாட்டி குலுக்குவோம். நீ படிச்சவன், குலுக்காமயே எடுக்குறியே!"

"இது சயின்ஸ்மா. உலகம் பூரா இப்படித்தான் எடுக்கறாங்க."

"ஒலகம் பூரா கடலாண்டதான் கீதா?" என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. தாழ்வாரமே சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. "எங்க வூட்டுக்காரரு ஆர்பர்ல, கப்பல்லேர்ந்து சரக்கு எறக்குற வின்ச்சு ஓட்டுன ஆளு. இப்ப படுத்தா மூச்சு முட்டுது. ஒக்காந்துகினேதான் தூங்குறாரு. மேக்கால ஜன்னல ஆணி அடிச்சி மூடிட்டேன். அப்பவும் வருது. எங்க ஜன்னலாண்டயும் ஒரு தட்டு வெய்யி சார். ஒரே ஒரு தட்டு."

"பட்டியல்ல இல்லாத வீட்ல வெச்சா கணக்கு கெட்டுடும்" என்றேன்.

இந்த வாக்கியத்துக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். கையில் மிச்சத் தட்டுகள் இருந்தன.

அன்றே நிறுத்தியிருக்கலாம். சீட்டு எழுதிக் குலுக்கி முதலிலிருந்து தொடங்கினால், அதிகம் போனால் இன்னும் ஒரு வாரம். காரும் குழுவும் நாற்காலியும் என் கண் முன்னால் நின்றன. நூற்றுப்பத்துக்கு ஏறினேன்.

நாற்பத்தெட்டில் பதினொரு வீட்டில் இருமல். நூற்றுக்கு இருபத்து மூன்று. திட்டப்பிழை, அதாவது அந்த ஆட்டத்தின் அளவு, நூற்றுக்கு ஆறு; இருபுறமும் அதில் இரண்டு மடங்கு விட வேண்டும். ஆகவே குடியிருப்பின் உண்மை விகிதம் பதினொன்றுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில் இருக்கும் என்று தொண்ணூற்றைந்து சதவீத நம்பிக்கையுடன் சொல்லலாம் என்று எழுதினேன். மேல் எல்லையே நாற்பதைத் தொடவில்லை. தட்டுகளின் சராசரித் தூசியும் அப்படியே, அழகாக, குறுகிய எல்லைகளுக்குள். யாருடைய நம்பிக்கை? கடல் பக்கக் கோடி வீடுகளைப் பற்றி நான் எழுதியது அப்பழுக்கற்ற உண்மை. அதன் தலைப்பில் குடியிருப்பின் பெயரைப் போட்டதுதான் அயோக்கியத்தனம். தவறான இலக்கை இவ்வளவு துல்லியமாக அடிக்கப் படித்தவனால்தான் முடியும்.

மனு தள்ளுபடியானது. குழுவில் என் பெயர் வந்தது. அடுத்த ஆண்டும் வகுப்பில் அதே தேற்றத்தை நடத்தினேன். "சமவாய்ப்பு முறையில் எடுத்த மாதிரி" என்ற சொற்களைப் பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அதுதான் இன்றும் என்னைக் கொதிக்க வைக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பகலில், திருவொற்றியூர் தேரடியிலிருந்து ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி என்னை உற்றுப் பார்த்தார்.

"பத்து, இருவது சார்தானே நீ?"

ஆட்டோவில் ஆறு பேர் இருந்தோம்.

"அவரு பூட்டாரு. ரெண்டு வருசம் ஆவுது. கடைசி மட்டும் ஒக்காந்துகினேதான் கெடந்தாரு" என்றார். பிறகு மற்றவர்களிடம் திரும்பி, "இவுருதான் எங்க ஏரியாவுல யாருக்கும் இருமலே இல்லன்னு எய்திக் குட்த்தவரு. பெரிய படிப்பு" என்றார்.

அவர் கணவரைக் கொன்றது அந்தத் தூசிதான் என்று எந்தத் தேற்றமும் சொல்லாது. தேற்றம் கூட்டத்தைப் பற்றிப் பேசும், ஒற்றை மனிதனைப் பற்றி வாய் திறக்காது. அந்த மௌனத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள எனக்கு அப்போதும் ஆசை வந்தது. வெட்கம் கெட்டவன். அந்தப் பெண்மணி இறங்கிய இடத்தில் நானும் இறங்கி, "மறுபடியும் எடுக்கிறேன்" என்றேன்.

"குலுக்கியா?"

"குலுக்கி."

வீட்டில் உட்கார்ந்து ஒன்றிலிருந்து நானூற்று எண்பது வரை சீட்டு எழுதிக் கொண்டுபோனேன். அவர் சீட்டுக் குலுக்கும் பிஸ்கட் டப்பாவில் கொள்ளவில்லை. பிரியாணி அண்டா ஒன்று வந்தது. பெண்கள் முறை வைத்துக் குலுக்கினார்கள். நாற்பத்தெட்டு சீட்டு எடுத்தோம். இந்த முறை மேற்கும் வந்தது, நடுவும் வந்தது, கடலும் வந்தது. தொண்ணூற்றொன்று வரவில்லை. அவர் உதட்டைப் பிதுக்கினார். "குலுக்குனா வராமலும் போவும். அது நாயம்" என்றார். நான் பாடம் நடத்திய எவரும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

இருபத்தேழு வீட்டில் இருமல். நூற்றுக்கு ஐம்பத்தாறு. எல்லைகள் நாற்பத்திரண்டும் எழுபதும். கீழ் எல்லையே கோட்டைத் தாண்டி நின்றது. முதல் அறிக்கை தவறு, தவறு என்று தெரிந்தே எழுதினேன், அதை ரத்து செய்யுங்கள் என்று ஒரு பக்கம் எழுதி, இரண்டையும் சேர்த்து அலுவலகத்தில் கொடுத்தேன்.

சில மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்ததில், தொண்ணூற்றாறு வீடுகளுக்கு முப்பத்தெட்டு. நூற்றுக்கு முப்பத்தொன்பதரைக்குச் சற்று மேல். நாற்பதுக்குக் கீழ். மனு மறுபடியும் தள்ளுபடி.

சராசரி! பொய்யையும் உண்மையையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலக்கிச் சராசரி எடுத்திருந்தார்கள். அந்தப் பெண்மணியையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்க் கத்தினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி மரியாதை குறையாமல் பேசினார்.

"சார், ரெண்டுமே நீங்க எடுத்ததுதான். அன்னிக்குப் பொய் எழுதினேன்னு நீங்களே சொல்றீங்க. இன்னிக்கு மட்டும் எழுதலைன்னு நான் எப்படி நம்பறது? அதான் பொதுவா நடுவுல எடுத்துக்கிட்டோம்."

கணக்கில் அவர் முட்டாள். என்னைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. என் கையெழுத்துக்கு இருந்த மதிப்பை நானே தின்று முடித்திருந்தேன்.

வெளியே வந்ததும் அந்தப் பெண்மணி கேட்டார்: "மொத்தம் நானூத்தி எம்பது வூடுதானே, நைனா? கோடியா, லச்சமா? எண்ணிட்டா போச்சி."

கடல் அளவு ஜனத்துக்கு உரிய தேற்றத்தை ஒரு தெருவுக்குக் கொண்டுவந்தவன் நான். அது அப்போதுதான் உறைத்தது. பிளாக்குக்கு இரண்டு பெண்கள். இரண்டே நாளில் எல்லாக் கதவையும் தட்டினார்கள். இருநூற்று ஐம்பத்தெட்டு வீட்டில் இருமல். நூற்றுக்கு ஐம்பத்து நான்கு. ஒவ்வொரு வீட்டு எண்ணுக்கு எதிரேயும் கேட்ட தேதி, வீட்டுக்காரர் கையெழுத்தோ கைநாட்டோ.

தாள்களை அடுக்கி, கடைசிப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன். அந்தப் பெண்மணி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒன் கையெய்த்து வேணாம். அது இருந்தா அவன் திருப்பி நடுவுல எட்த்துக்குவான்."

பேனாவை மூடினேன். நான் செய்த பிராயச்சித்தத்தில் உருப்படியானது அது ஒன்றுதான்.

அந்தத் தாள்களை யாராலும் எதனோடும் கலக்க முடியவில்லை. கொஞ்ச நாள் இழுத்தடித்தார்கள், பிறகு யார்டை அகற்ற உத்தரவு வந்தது. இந்த ஆண்டு மழைக்கு முன் கடைசி லாரியும் போனது. எங்கே போனது என்று விசாரித்தேன். இன்னும் வடக்கே. அங்கும் வீடுகள் இருக்கின்றன. அங்கேயும் யாராவது ஒரு பேராசிரியன் காரில் போய் இறங்குவான்.

போன வாரம் தொண்ணூற்றொன்றாம் எண் வாசலுக்குப் போனேன். அவர் உள்ளே வரச் சொல்லவில்லை. நிலைப்படியில் நின்றபடி பார்த்தேன். மேற்கு ஜன்னலில் ஆணி அடித்த பலகை அப்படியே இருந்தது.

"யார்டுதான் போயிடுச்சே, இன்னும் திறக்கலையாம்மா?"

"நீ சொன்னா தெறந்துடணுமா?" என்றார். தாழ்வாரத்துக் கைப்பிடிச் சுவரில், யார்டு இருந்த பக்கமாக, ஓர் எவர்சில்வர் தட்டு வைத்திருந்தார். அதை எடுத்து, சுட்டுவிரலால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, விரல் நுனியை வெளிச்சத்தில் பார்த்தார். என்னிடம் காட்டவில்லை. முந்தானையால் தட்டைத் துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"இன்னும் ரெண்டு மாசம் பாக்குறேன். அப்பாலதான் ஆணிய புடுங்குவேன்."